முதுகில் வைத்து எடுத்த புலி

என் கேமராவை என் மனைவி சக்களத்தி என்றுதான் சொல்வாள். ஆலங்காயத்தில் எனக்கு உரக்கடை. யூரியா மூட்டை தூக்குகிற கைக்குக் கேமரா எதற்கு என்று கேட்காதவர்கள் ஊரில் குறைவு. அவள் ஒருத்திதான் அப்படிக் கேட்டதில்லை. "சக்களத்திய கூட்டிக்கினு எங்க கெளம்பிட்டீங்க?" என்பாள். சொல்லிக்கொண்டே பையில் தண்ணீர் பாட்டிலையும் வைப்பாள். அந்தக் கையை நான் நின்று பார்த்ததில்லை. எனக்குக் கண்ணெல்லாம் கிளையில் உட்கார்ந்திருக்கிற பறவைமேல்.

அவள் பிறந்த ஊர் காவலூருக்கும் மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய இடம். சாமைக் கொல்லையில் கரடியைப் பார்த்து வளர்ந்தவள். எங்கள் ஜவ்வாது மலையில் சிறுத்தைகூட உண்டு, வரிப்புலி கிடையாது. எந்தக் காலத்திலோ இருந்தது என்பார்கள், பார்த்தவர் யாருமில்லை. அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். "ஒரே ஒரு வாட்டி வரிப்புலிய நேர்ல பாக்கணுங்க" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். பதினெட்டு வருஷம் கழித்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன். என் லட்சணம் அப்படி. அதுவும் அவளுக்காகவா போனேன்? புதிதாக ஒரு பெரிய லென்ஸ் வாங்கியிருந்தேன். லென்ஸுக்குப் புலி வேண்டியிருந்தது.

அந்த லென்ஸ் ஆட்டுக்குட்டி கனம். வெறும் கையில் பிடித்தால் படம் ஆடிப்போகும், சஃபாரி ஜீப்பில் ஸ்டாண்டு போட இடம் கிடையாது. அதனால் காட்டில் படம் எடுப்பவர்கள் ஜீப்பின் கம்பிமேல் ஒரு சின்ன மூட்டையைப் போட்டு, அதன்மேல் லென்ஸைக் கிடத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த மூட்டையைத் தைத்ததும் அவள்தான். என் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, உள்ளே அவள் அண்ணன் வீட்டுச் சாமையை நிரப்பி, வாய்க்கு இரட்டைத் தையல் போட்டாள். "காட்டுல பசிச்சா பொங்கித் துன்லாம்" என்றாள்.

போனது கர்நாடகப் பக்கம் ஒரு புலிகள் காப்பகத்துக்கு. ஒரு மாலை, ஒரு காலை என்று இரண்டு சவாரி. மாலையில் மானும் மயிலும் தூரத்தில் ஒரு யானையின் முதுகும்தான் கிடைத்தன. அவள் அதற்கே பூரித்துப் போனாள். நான் உர்ரென்று இருந்தேன். மறுநாள் காலை நேரமாகிவிட்டது என்று அவளை விரட்டு விரட்டென்று விரட்டி ஜீப்பில் ஏற்றிய பிறகுதான், மூட்டையை அறைக் கட்டிலிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. "உனக்காவது ஞாபகம் இருக்க வேணாமா?" என்று அவளைத் திட்டினேன். என் கேமரா, என் மறதி. திட்டு மட்டும் அவளுக்கு.

ஜீப்பில் அவள் இடது ஓரம், நான் அவளை ஒட்டி. வெயில் ஏறுகிற நேரத்தில் எங்கோ ஒரு மான் விட்டு விட்டுக் கத்தியது. வழிகாட்டி கையைத் தூக்கினார், டிரைவர் வண்டியை அணைத்தார். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சைகை. அவள் என் தொடையை இறுக்கிப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

அவள் பக்கத்து உண்ணிப்புதர் அசைந்தது. நான் லென்ஸைத் தூக்கினேன். கைகள் கிடுகிடுவென்று ஆடின. வைக்க மூட்டை இல்லை. எழுந்து நிற்கவும் முடியாது. லென்ஸுக்கு முன்னால் அவள் தலை.

"குனி" என்றேன்.

அவள் குனிந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. நெற்றி முழங்காலில் படக் குனிந்தவளின் முதுகில் லென்ஸை வைத்தேன். மூட்டையைவிட நன்றாகவே நின்றது. ஆனால் அவள் மூச்சு விடும்போதெல்லாம் லென்ஸ் ஏறி இறங்கியது. "மூச்சு விடாத" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

விடவில்லை.

புதரைவிட்டு வெளியே வந்த புலி, ஜீப்பைச் சட்டைகூடச் செய்யாமல் அவள் பக்கமாகவே பாதையோரம் நடந்து மூங்கிலுக்குள் போனது. பட்டனில் வைத்த விரலை எடுக்கவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தால் எழுபது படங்களுக்குமேல். மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது என்று எல்லோரும் அதில் ஒரு படத்தைப் பாராட்டுகிறார்கள். அந்தத் துல்லியம் என் கையால் வந்ததில்லை.

அவள் நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. "போய்டுச்சா?" என்றாள்.

நான் கேமராவின் பின்பக்கத் திரையைக் காட்டினேன். சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். "அழகா கீதுங்க" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்ததா? இல்லை. குதிக்காத குறை. அறைக்குத் திரும்பிச் சாப்பிடும்போதுதான் உறைத்தது. "அடுத்த வருஷம் கேமரா இல்லாம வருவோம்" என்றேன். "சரிங்க" என்றாள்.

அடுத்த வாரம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனோம். மச்சான் நான்கைந்து பங்காளிகளைச் சேர்த்து உட்கார வைத்திருந்தார். "இன்னா, பாத்தியா?" என்றார் அவளிடம். நான் தலையைத் தொங்கப் போட்டேன். அவளோ, "பாத்தேண்ணா" என்று ஆரம்பித்துவிட்டாள். எப்படி நடந்தது, கண் என்ன நிறம், காதுக்குப் பின்னால் வெள்ளைப் பொட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாம் என் படத்தில் உள்ளவை.

"வாலு எவ்ளோ நீளம் இருக்கும்?" என்றார் ஒரு பங்காளி.

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் குறிவைத்த அவசரத்தில் எல்லாப் படத்திலும் வாலை வெட்டிவிட்டிருந்தேன். "ரெண்டு முழம் இருக்குங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

பைக்கில் மலை இறங்கும்போது, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "பின்ன இன்னா சொல்றது? எங்க வூட்டுக்காரரு என்னியக் குனிய வெச்சிட்டாருன்னா?" என்று முதுகில் குத்தினாள். சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

அடுத்த வருஷம் வரத்தான் செய்தது. அவளுக்கு ஈரலில் கட்டி என்று வேலூரில் சொன்ன வருஷம் அது. நடக்க முடிகிற நாட்களில் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். முடியாமல் போனபின் ஒரு மத்தியானம், "அந்தப் படத்த எல்லாம் கொண்டாங்க" என்றாள். லேப்டாப்பை அவள் வயிற்றில் படாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். "நிறுத்தாம தள்ளுங்க" என்றாள். பட்டனை அழுத்திப் பிடித்தேன். எழுபது படமும் ஓடியதில் புலி நிஜமாகவே நாலு எட்டு வைத்தது. "நடக்குதுங்க" என்றாள். மறுபடி மறுபடி நடக்க வைத்தேன், அவள் தூங்குகிறவரை. வராந்தாவுக்கு வந்துதான் அழுதேன். இருபது நாளில் போய்விட்டாள்.

காரியம் முடிந்து மச்சான் அந்தப் புலிப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். தட்ட முடியவில்லை. நானே வாணியம்பாடியில் பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலை போட்ட அவள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் "என் தங்கச்சி பாத்த புலி" என்று காட்டுகிறார்.

போன மாதம் புளி உலுக்குகிற சமயத்தில் போயிருந்தேன். இரண்டு பேரும் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சின்ன வயசுலியே போய்ட்டா மாப்ள. ஆனா ஒண்ணு, ஆசப்பட்டத கண்ணால பாத்துட்டுத்தான் போனா. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்" என்றார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா மச்சான், பாத்தா" என்றேன்.

புலி எங்களைக் கடந்துபோன நேரம் முழுக்க அவள் பார்த்தது ஜீப்பின் தகரத் தரையையும் என் செருப்புக் காலையும்தான்.