கை எட்டாத உயரத்தில் அமல்ராஜ் அண்ணன்

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு இருபது. குளித்துவிட்டு வந்து போனை எடுத்தால் பதினொரு மிஸ்டு கால். அத்தனையும் அமல்ராஜ் அண்ணன் மனைவி ஸ்டெல்லா அக்காவிடமிருந்து. திருப்பி அழைத்தேன்.

"அவரு போயிட்டாருங்க தம்பி" என்றார். அழவில்லை.

"எங்கக்கா? எப்படி?"

"பட்டறை வாசல்லதானுங்க. லாரிக்காரன் சட்டையப் புடிச்சிருக்காரு. புடிச்ச கையோட சரிஞ்சுட்டாரு."

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

சிங்காநல்லூரில் இரும்பை உருக்கிப் பம்ப் பாடி வார்க்கும் பட்டறை நடத்திய அமல்ராஜ் அண்ணனைப் பற்றி உங்கள் பட்டறைக்காரர் சங்க மலருக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். நான் உடுமலைப் பக்கம் ஒரு தனியார் ஓடுபாதையில் சிறு விமானங்களின் இன்ஜினைப் பார்க்கும் இன்ஜினியர். ஓட்டவும் லைசென்ஸ் உண்டு. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேராவது அவரிடம் அடி வாங்கியிருப்பீர்கள். தங்கமான மனிதர் என்று மட்டும் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

அவருக்கு ரத்த அழுத்தம் அதிகம். டாக்டர் தியானம் செய்யச் சொன்னார். மூன்றாம் நாள் வகுப்பிலேயே தியானம் சொல்லிக்கொடுத்தவரோடு சண்டை. "கண்ண மூடுனா லாரிக்காரன் மூஞ்சிதானுங்க தெரியுது. அப்புறம் எங்கிருந்து அமைதி வரும்?" என்று என்னிடம் கேட்டார். யாரோ சொல்லித்தான் எங்கள் ஓடுபாதைக்கு வந்தார். முதல் முறை நான் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டாயிரம் அடி ஏறியதும் திட்ட ஆரம்பித்தார். பணம் தராத வியாபாரி, வரி ஆபீசர், மச்சினன், பங்குச்சாமியார் என ஒருவர் விடாமல் பெயர் சொல்லித் திட்டினார். ஹெட்போனில் என் காது கிழிந்தது. பிறகு சட்டென்று அடங்கினார். இறங்கியதும் சொன்னார்: "மேல இருந்து பாத்தா ஒருத்தனையும் அடிக்கோணும்னு தோணலீங்க தம்பி. கை எட்டாதுல்ல."

அடுத்த மாதமே இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை வாங்கிவிட்டார். லைசென்சும் எடுத்தார். அவர் விமானம் ஓட்டினார் என்று சொல்ல மாட்டேன், அதை அடித்தார். றெக்கை செங்குத்தாக நிற்கும்படி திருப்புவார். மூக்கைத் தூக்கி, காற்றுப் பிடி விட்டு விமானம் கல்லாக விழும்போது பெருங்குரலில் கத்துவார். முன்சக்கரத்தை இரண்டு முறை தரையில் மோதி வளைத்தார். "இதென்ன எருமைங்களாண்ணா, அடிச்சு ஓட்ட?" என்று கேட்டேன். "எருமையா இருந்தா திருப்பி முட்டிருக்குமே" என்றார்.

பட்டறையிலும் அதே கைதான். ஒருமுறை வார்ப்பில் காற்றுக்குழி விழுந்துவிட்டது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது, அனுப்பிவிடலாம் என்றார் மேஸ்திரி ரங்கசாமி. அண்ணன் சம்மட்டியை எடுத்து அத்தனை பம்ப் பாடியையும் தானே உடைத்தார். தெறித்த சில்லு அவர் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிய வழிய உடைத்தார். கடைசியில் ரங்கசாமிக்கும் ஓர் அறை.

வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டெல்லா அக்கா எனக்குப் போன் செய்வார். "நாளைக்குப் பிளேன் ரெடிங்களா தம்பி? ஊட்டுல பாத்திரம் மிச்சமில்லீங்க." விளையாட்டு என்றே நினைத்தேன். ஒரு நாள் நேரில் வந்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"சனிக்கிழம பறந்துட்டா வியாழன் வரைக்கும் தாங்குமுங்க. மழைன்னா நாங்க மூச்சுக் காட்டாம இருந்துக்குவோம்."

அந்த வீடு முழுக்க வானத்தைப் பார்த்து நடந்தது. பட்டறையும் அப்படித்தான். சனிக்கிழமைதோறும் குக்கர் விசில் ஒழுங்காக அடிக்கிறது என்பதால் அடுப்பை யாரும் அணைக்கவில்லை.

பிப்ரவரியில், விமானத்தின் முன்னால் சுற்றும் காத்தாடியான புரொப்பல்லரைத் தாங்கும் ஹப் தேய்ந்துவிட்டது. கம்பெனி சாமான் வர ஆறு வாரம் என்றேன். "ஆறு வாரமா? நாளைக்குச் சாயங்காலம் நாமளே ஊத்திப்போடலாமுங்க" என்றார். சிங்காநல்லூரில் எந்தச் சாமானைக் கொடுத்தாலும் மறுநாளே அதைப் போல ஒன்று செய்து கையில் வைப்பார்கள். மில்லுக்கும் மோட்டாருக்கும் அது சரி. இது நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுவது, உடைந்தால் ஓரமாக நிறுத்த முடியாதது. கூடாது என்றேன். நான் இல்லாத நாளில் தான் வார்த்ததை மாட்டிப் பறந்துவிட்டார்.

மறுநாள் அந்த ஹப்பைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வெள்ளைப் பொடி அடித்ததும், வேர்ப்பகுதியில் முடியளவு விரிசல் சிவப்பாக எழுந்து வந்தது. அவரிடம் காட்டினேன்.

"என் வார்ப்பு உடையாது" என்றார்.

"உடைஞ்சிருச்சுங்கண்ணா. கண்ணத் தொறந்து பாருங்க."

அறைந்தார். காதில் விசில் சத்தம் வந்தது. நான் புரொப்பல்லரை என் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அதன்பின் அவர் பறக்கவில்லை. மூன்று சனிக்கிழமைகள் போயின. நான்காவதும் போய், அடுத்த திங்கட்கிழமை லாரிக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

கல்லறைத் தோட்டத்தில் ரங்கசாமி எல்லோரும் கேட்கும்படி சொன்னார். "அந்தக் காத்தாடியக் குடுத்திருந்தா மனுசன் இன்னிக்கு இருந்திருப்பாருங்க தம்பி. கொன்னுபோட்டீங்க."

"குடுத்திருந்தா ஒரு வாரம் முன்னாடியே இங்க வந்திருப்போம். யாரு தோப்புல, யாரு தலை மேல விழுந்திருப்பாருன்னு சொல்லுங்க."

அவர் என் மேல் பாய்ந்தார். நாலு பேர் பிடித்தார்கள். நடுவில் ஸ்டெல்லா அக்கா வந்து நின்றார்.

"உடுங்க மேஸ்திரியண்ணா. ஒரு மனுசன் கைய அடக்கிக்க ஆகாசம் வேணும்னா, அது பிளேனோட குத்தமா, இந்தத் தம்பி குத்தமா? இருபத்தி ரெண்டு வருசம் நானும் கீழதான இருந்தேன். யாரை அடிச்சேன்?"



நான் அண்ணனிடமிருந்து நினைவில் வைத்துக்கொள்வது ஒன்றுதான். நானும் கூடப் பறக்கும் நாட்களில், கத்தி முடித்து, காற்றும் அசையாமல் இருக்கும்போது, விமானத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தொடைமேல் மலர்த்தி வைப்பார். தழும்பும் தீக்காயமுமான கைகள். "பாருங்க தம்பி, சும்மா இருக்குது" என்று வேறு யாருடைய கையையோ காட்டுவதுபோலக் காட்டுவார். அதைத் தரையில் ஒரு முறையும் பார்த்ததில்லை. அதனால்தான் கோபமும் தீரவில்லை, பாசமும் தீரவில்லை.

பத்தாம் நாள் அக்கா போன் செய்தார். விமானத்தை விற்றுக் கொடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன்.

"விக்கறது அப்புறம் பாத்துக்கலாமுங்க. என்னைய ஒருக்கா மேல கூட்டிட்டுப் போங்க தம்பி. ஊட்டுல இல்லாதது அங்க என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கோணும்."

ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. கம்பெனி ஹப் வந்துவிட்டது. அதை மாட்டித் தரையில் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட்டுவேன்.

2. முதலில் தனியாகப் பறந்து பார்ப்பேன்.

3. ரங்கசாமியை ஓடுபாதைக்கு அழைப்பேன். சண்டைக்கு வந்தாலும் சரி.

4. காற்று எழும்பாத ஒரு காலையில் டேங்கை முழுக்க நிரப்பி, அக்காவை ஏற்றிக்கொண்டு போவேன். எப்போது இறங்குவது என்று அவர்தான் சொல்வார்.