சுப்பம்மாவிடம் ஆயா சொல்ல இருந்தது

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். திருப்பதியில் என் தையல் கடையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, ஆயா பூட்ச்சிக்கா" என்றான். "சரி" என்றேன். போனை வைத்துவிட்டு மிச்ச அளவையும் எடுத்தேன். தோள், கை, கழுத்து எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி நோட்டில் எழுதினேன். "ஏமைந்தக்கா? ஏன் அழறீங்க?" என்று அந்தப் பெண் பதறியபோதுதான் என் முகம் நனைந்திருப்பது எனக்கே தெரிந்தது.

எங்கள் ஆயா, அதாவது என் அப்பாவைப் பெற்ற தாயார், கன்னியம்மாள் அவர்கள் காலமானார். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், தாம் மருமகளாக வந்து நுழைந்த அதே வீட்டில், காலைக் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. "கல்யாணச் சாவும்மா, அழக் கூடாது" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சொல்வார்கள், அவர்களுக்கு என்ன. தொண்ணூறு வயது ஆகிவிட்டால் பெற்றவளும் வளர்த்தவளும் நமக்கு வேண்டாமல் போய்விடுவார்களா?

கருமாதிப் பத்திரிகையில் படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தா என்று தம்பி கேட்டான். நாலு வரியில் அடங்குகிற பெண்பிள்ளையா அவர்? அதோடு, எனக்கு எழுத வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. கடைசி ஒரு வருடமாக ஆயா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஊத்துக்கோட்டையில் மகனோடு இருக்கும் தம் சிநேகிதி சுப்பம்மாவிடம் தம்மை ஒருமுறை அழைத்துப்போக வேண்டும், நேரில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் அழைத்துப்போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நல்லதை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் மழுப்பப் பார்ப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

ஆயா பதினைந்து வயதில் எங்கள் தாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் கழனி. தாத்தா சாது, ஏர் ஓட்டுவார், வரப்பு வெட்டுவார், பேச மாட்டார். பேச்சு முழுவதும் ஆயா பங்கு. நடவுக்கு இறங்கினால் அவருக்கு ஈடு கொடுக்க ஆள் கிடையாது. பக்கத்தில் ஒருத்தி வரிசை தப்பி நட்டால் போதும், "இன்னாடி இது, நடவா நடற? கோழி கிளறினாப்பல கீது" என்று கழனி முழுக்கக் கேட்கும். எங்களையும் அதே வாயால்தான் வளர்த்தார். என் அம்மா பிரசவத்தில் போய்விட்ட பிறகு, என்னையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் எடுத்துக்கொண்டு, "ரெண்டு நாத்து முடி கைல கீது, நட்டுத்தானே ஆகணும்" என்றாராம்.

எங்கள் ஊருக்குத் தெற்கே, கழனியோடு கழனி ஒட்டினாற்போல இன்னொரு ஊர். அந்த ஊர்க்காரர் சுப்பம்மா. தெலுங்குக் குடும்பம். இரண்டு ஊர்க் கழனிக்கும் எங்கள் ஏரித் தண்ணீர்தான். அந்தக் காலத்தில் கூலி கிடையாது. இன்று உன் கழனியில் நான் நடுவேன், நாளை என் கழனியில் நீ நட வேண்டும். அப்படி ஒரு நடவில் ஆயாவும் சுப்பம்மாவும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இறங்கியிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் விடாமல் நட்டு, இருவரும் ஒரே நேரத்தில் வரப்பில் கால் வைத்தார்களாம். மூச்சு வாங்க நின்று சுப்பம்மா, "நீ மனுசியா, பேயா?" என்று தமிழில் கேட்டார். ஆயா தெலுங்கில், "நூவே தய்யம்" என்று திருப்பிக் கொடுத்தார். நீதான் பேய் என்று அர்த்தம். சிநேகம் அங்கே ஆரம்பித்தது.

அதிலிருந்து கடைசிவரை அப்படித்தான். ஆயா அவரிடம் தெலுங்கு பேசுவார், அவர் ஆயாவிடம் தமிழ் பேசுவார். ஆயா அவரை "வதினா" என்பார், அவர் ஆயாவை "அண்ணி" என்பார். இரண்டும் ஒன்றுதான். எங்கள் பக்கத்து மரியாதை அது. எதிரில் நிற்பவரின் பேச்சு எதுவோ அதில்தான் பதில் சொல்ல வேண்டும். வாசலில் வந்து நிற்பவர் தெலுங்கில் கேட்டால் தமிழில் பதில் சொல்வது, வந்தவரை உட்காரச் சொல்லாமல் நிற்க வைப்பதற்குச் சமம்.

அந்த மரியாதைதான் ஆயாவின் வயிற்றில் கல்லாக விழுந்தது.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, எல்லைக் கோடு எங்கே போடுவது என்று பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர் அப்போது மதராஸ் பக்கம். யாரோ ஒரு அதிகாரி வீடு வீடாக வந்து, இங்கே யார் என்ன பாஷை என்று எழுதியிருக்கிறார். ஆயா சாணம் தட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் தெலுங்குக்காரர். வெயிலில் களைத்துப்போயிருந்தார். ஆயா கையைக் கழுவிவிட்டு மோர் கொடுத்தார். "இண்ட்லோ ஏம் மாட்லாடுதாரம்மா?" என்று கேட்டாராம் அவர், வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று. மோர் குடிக்கிற மனிதரின் முகத்துக்கு நேராக "அரவம்", அதாவது தமிழ், என்று சொல்ல ஆயாவுக்கு வாய் வரவில்லை. "தெலுகே சாமி" என்றார். அவர் எழுதிக்கொண்டார். ஆயா மறுபடி சாணம் தட்டப் போய்விட்டார்.

சில வருடம் கழித்து முடிவு வந்தது. எங்கள் ஊர் ஆந்திராவுக்குப் போயிற்று. சுப்பம்மாவின் ஊர் மதராஸ் பக்கமே நின்றுவிட்டது. தமிழச்சி ஆந்திராவில், தெலுங்குக்காரி தமிழ்நாட்டில். இரண்டு கழனிக்கும் நடுவில் எல்லைக்கல் நட்டார்கள். அதைப் பார்த்த அன்றே ஆயா தீர்மானித்துவிட்டார், இது தம்மால் வந்தது என்று.

கல் நட்டால் என்ன, தாண்டிப் போக முடியாதா என்று கேட்பீர்கள். ஆள் தாண்டிப் போகலாம். தண்ணீர்தான் தாண்டவில்லை. "ஏரி இப்போ நம்முது. அவங்க வேணும்னா அவங்க சர்க்காரைப் போய்க் கேக்கட்டும்" என்று எங்கள் ஊர் ஆண்கள் அந்தப் பக்கத்து வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். கதிர் பால் பிடிக்கிற சமயம். சுப்பம்மாவின் பயிர் நுனி கருக ஆரம்பித்தது. ஆயா பட்டப்பகலில் போய் மதகு மேல் உட்கார்ந்துகொண்டார். ஏரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முறை நாள் உண்டு, அன்று அவர் முறை. "இன்னிக்குத் தண்ணி என்னுது. நான் யாருக்கு வேணா விடுவேன். வதினா கழனிக்கு விடுங்க" என்றார்.

"உன் பயிர் இன்னாத்துக்கு ஆவறது?" என்று தண்ணீர் முறை பார்க்கிறவர் கேட்டார்.

"காயட்டும். உனுக்கு இன்னா போச்சு?"

தாத்தா அன்று முதல்முறையாகக் கோபப்பட்டாராம். ஆயா அசையவில்லை. ஊருக்குள் போர்க்கிணறு வரும்வரை வருடா வருடம் தம் முறையில் பாதியைச் சுப்பம்மாவுக்கு விட்டார். எங்கள் கழனி எப்போதும் பக்கத்துக் கழனியைவிட ஒரு சாண் குட்டையாகவே நிற்கும். சின்ன வயதில் எனக்கு அது அவமானமாக இருக்கும். "ஆயாவுக்குப் பைத்தியம், அவங்க பயிருக்கு ஊத்திட்டு நம்ம பயிரைக் காயப் போடுது" என்று நானே பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஏன் விடுகிறார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சிநேகிதம் என்றே நினைத்தோம்.

போன வருடம் சங்கராந்திக்கு ஊருக்குப் போயிருந்தபோதுதான் காரணத்தைச் சொன்னார். அவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "நான் ஒரு பாவம் பண்ணிக்கினு உக்காந்துக்கீறேன்" என்றார். மோர், அதிகாரி, எல்லாவற்றையும் சொன்னார். நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். "ஆயா, நீ ஒருத்தி சொன்னதால ராஜ்யத்தோட எல்லை நகருமா? ஊர் ஊரா பார்த்துப் பெரியவங்க முடிவு பண்ணது" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "எல்லாரும் அப்பிடித்தானே நெனச்சிருப்பாங்கோ? நான் ஒருத்தி சொன்னா இன்னா ஆவப்போவுதுன்னு?"

நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அவகிட்ட நான் சொன்னதேயில்ல. சொன்னா மூஞ்சில முழிப்பாளோ மாட்டாளோன்னு பயம். இனிமே இன்னா பயம்? ஒரு தடவை இட்டுக்கினு போ. நேர்ல சொல்லிட்டா செத்துப்போறேன்."

இருவருக்கும் முழங்கால் போய்விட்டது. பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஆயாவுக்குக் காது மந்தம், போனில் பேச வழியில்லை. ஒரு கார் வைத்தால் எங்கள் வீட்டிலிருந்து ஊத்துக்கோட்டைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நான் என்ன செய்தேன்? மாசி முகூர்த்தம் முடியட்டும் என்றேன். அப்புறம் வெயில் குறையட்டும் என்றேன். அப்புறம் ஆவணி முகூர்த்தம் வந்துவிட்டது. ஊராருக்கெல்லாம் சொன்ன தேதியில் ரவிக்கை கொடுத்த மகராசி நான். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் ஆயா பையைப் பார்ப்பார், நான் தங்க வந்திருக்கிறேனா, கிளம்ப வந்திருக்கிறேனா என்று. கடைசி இரண்டு முறை அவர் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டது நிம்மதியாக இருந்தது எனக்கு. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

புதன்கிழமை ஏர்பேடு தாண்டி, வரதய்யபாளையம் வழியாக ஊர் போய்ச் சேர்வதற்குள் பகல் திரும்பிவிட்டது. ஆயாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசிக் கிடத்தியிருந்தார்கள். எடுக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சுப்பம்மாவை அவர் மகன் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்து, ஆயாவின் தலைமாட்டில் உட்கார வைத்தார்.

அவர் அழவில்லை. ஆயாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயா சொல்ல வேண்டியதை இனி யார் சொல்வது? நான்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அதிகாரி வந்தது, ஆயா தெலுங்கு என்று சொன்னது, அதனால்தான் ஊர் பிரிந்து உங்கள் தண்ணீர் நின்றது என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது, எல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்க ஆசைப்பட்டார், நான்தான் அழைத்து வரவில்லை என்றும் சொன்னேன்.

சுப்பம்மா ஆயாவின் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"எங்க ஊட்டுக்கும் ஒரு ஆபீசர் வந்தாரும்மா" என்றார். "அவரு தமிழாளு. தமிழ்ல கேட்டாரு. நானும் தமிழ்தாங்கன்னு சொல்லிட்டேன். அதாலதான் எங்க ஊரு மதராஸ் பக்கமே நின்னுபோச்சு, அண்ணியத் தனியா அந்தாண்ட தள்ளிட்டோம்னு இத்தினி வருசமா நெஞ்சுல நெருப்பைக் கட்டிக்கினு கீறேன். நான் பண்ண காரியம் தெரியாம எனக்குத் தண்ணி விட்டுக்கினு கீறாளேன்னு, அந்தத் தண்ணில கால் வைக்கவே எனக்குக் கூசும். எத்தினியோ வாட்டி சொல்ல வந்தேன். சொன்னா சிநேகிதம் பூடுமோன்னு பயந்துட்டேன்."

அப்புறம்தான் அவர் அழுதார். அந்த அழுகையை நான் இங்கே எழுத முடியாது.

அரை மணி நேரப் பயணம். நான் ஒரே ஒரு நாள் கடையை மூடியிருந்தால், இரண்டு கிழவிகளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி சொல்ல இன்னொருத்தி சொல்ல, தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். "நூவே தய்யம்" என்று ஆயா திட்டியிருப்பார். அந்தச் சிரிப்பு இந்த உலகத்துக்கு வராமலே போனதற்கு நான் காரணம். எல்லைக்கு ஆயா காரணம் இல்லை. இதற்கு நான்தான்.

பாடையைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். "நேரம் ஆவுதும்மா, கொஞ்சம் நகருங்க" என்றார் பெரியவர் ஒருவர். சுப்பம்மா நகரவில்லை. ஆயாவின் மந்தமான காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் காட்டி, "இருங்கய்யா, பேசிக்கினு இருக்கோம்ல" என்றார்.

யாரும் தொடவில்லை. ஊர் முழுக்க அப்படியே நின்றது.

ஆயா, நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவர் சொன்னதையும் நீ கேட்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போய் வா.