வெள்ளைப் பட்டில் குங்குமம்

அயர்னின் ஸ்டீம் பட்டனை அழுத்தினேன். புஸ்ஸென்று ஆவி வந்தது. கூடவே சிவப்பாக ஒரு துளி தெறித்து வெள்ளைப் பட்டுப்புடவையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு லாண்ட்ரியில் அயர்ன் டேபிள் முன்னால் நின்றே என் பாதி வயது போனது. காலர் கருகியிருக்கிறது, பாலியஸ்டர் சுருண்டிருக்கிறது. அதற்கெல்லாம் திட்டு வாங்கினால் சரியாகிவிடும். இது கல்யாணப் புடவை. ஜெனிபர் என்ற பெண்ணுக்கு அன்று மாலை நான்கு மணிக்கு சர்ச்சில் திருமணம்.

1. பொட்டு வைத்த அயர்ன்

முந்தின நாள் ஆயுத பூஜை. முதலாளி செல்வம் அண்ணன் அயர்னை மல்லாத்தி வைத்து, அடித்தகட்டில் சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பிவிட்டார். கரி போட்டுத் தேய்த்த கரிப்பெட்டி காலத்துப் பழக்கம். கரிப்பெட்டியின் அடியில் ஓட்டை கிடையாது. ஸ்டீம் அயர்னில் ஆவி வருவதே அந்த ஓட்டைகள் வழியாகத்தான்.

காலையில் நன்றாகத் துடைத்தேன். பழைய துணியில் ஆவி விட்டும் பார்த்தேன், சுத்தமாகத்தான் வந்தது. பட்டின் மேல் மெல்லிய காட்டன் துணி விரித்து, சூட்டைக் குறைத்து, அப்படியே எடுத்துக் கட்டுகிற மாதிரி கொசுவம் மடித்துத் தேய்த்தேன். கடைசியில் துணியை எடுத்துவிட்டு, அயர்னைத் தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டியபோதுதான், எந்த ஓட்டையிலோ ஒட்டியிருந்த குங்குமம் இளகி வந்து தொலைத்தது.

2. “தேச்சிடு, போய்டும்”

செல்வம் அண்ணன் ஓடி வந்தார். “இன்னாது, ரத்தமா? கை கிய் அறுத்துக்கினியா?”

“குங்குமம்ணா. நீங்க வெச்சது.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “சீக்கிரம் மேல தேச்சிடு. சூட்டுல போய்டும்.”

“ஐயோ, சூடு காட்டாதீங்க. அப்புறம் கறை ஜென்மத்துக்கும் போவாது.”

முதலில் அயர்னை ஸ்டாண்டில் வைத்து ஸ்விட்சை அணைத்தேன். பயத்தில் எல்லோரும் மறப்பது அதைத்தான். அடியில் வெள்ளை டவல் வைத்து, பஞ்சைக் கேன் தண்ணீரில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுத்தேன். பட்டைத் தேய்த்துக் கழுவினால் நூல் பிரிந்து வெளுத்துப்போகும். டவல் சிவக்கச் சிவக்க, புடவையில் இருந்த சிவப்பு வெளிறி ரோஸ் நிறமானது. அதற்கு மேல் போகவில்லை. ஜெனிபரின் ஸ்கூட்டி வாசலில் வந்து நின்றது.

3. ஜெனிபர்

மறைக்கவில்லை. புடவையை விரித்து இடத்தைக் காட்டினேன். கையில் மருதாணியோடு அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா பாத்தா சகுனம் அது இதுன்னு உக்காந்து அழுவாங்க அக்கா. தயவுசெஞ்சு அவங்களுக்குத் தெரிய வேணாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ப்ளீட்ஸ ஒண்ணு தள்ளி எடுத்தா, இது உள்ள போய்டுமா?”

போகும். ஆனால் எல்லா மடிப்பையும் பிரித்து மறுபடி எடுக்க வேண்டும். ஸ்டீம் இல்லாத சாதா அயர்னை எடுத்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் காட்டன் துணி போட்டு, கறை பட்ட இடத்தில் மட்டும் சூடு படாமல், மூச்சை அடக்கிக்கொண்டு தேய்த்தேன். செல்வம் அண்ணன் எதிரே நின்று புடவையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். கறை உள்மடிப்புக்குள் போனது. பின் குத்தி அவளிடம் கொடுத்தேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பூஜை போடுங்கள், பொட்டைக் கைப்பிடியில் வையுங்கள். முதல் ஆவி சுத்தமாக வந்ததை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். கறை பட்டால் சூட்டைக் காட்டாதீர்கள். முக்கியமாக, வாடிக்கையாளரிடம் ஒளிக்காதீர்கள்.

அன்று மாலை எனக்கு வேலையே ஓடவில்லை. அவள் நடந்து வரும்போது மடிப்பு விரிந்துவிட்டால்? மண்டி போடும்போது? இருட்டின பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. “எப்படிக்கா இருக்கேன்?” என்று கேட்டிருந்தாள்.

பெரிதாக்கி, கொசுவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எங்கேயும் சிவப்பு இல்லை. “சூப்பரா கீறம்மா” என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான், அந்தப் போட்டோவில் அவள் முகத்தை நான் இன்னும் பார்க்கவேயில்லை என்பது உறைத்தது.