சுவரில் ஏறிய தண்டவாளம்

கமலக்கண்ணனுக்கு அளக்கிற டேப்பும் சிவப்பு அட்டையும்தான் உலகம். ஓசூர் பக்கம் மூக்கண்டப்பள்ளியில் தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் செய்கிற கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக இன்ஸ்பெக்ஷன். மயிரிழை பிசகினாலும் அட்டை கட்டி ‘ரிஜெக்ட்’ என்று எழுதிவிடுவார். கிளிப்போடு விட்டாரா? கேன்டீன் வடையின் ஓட்டை நடுவில் இல்லை என்று தட்டைத் திருப்பி அனுப்பிய மகராசன் அவர். தண்டவாளத்தால் சோறு தின்றாரே தவிர, அதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அளந்ததோடு சரி.

இப்பேர்ப்பட்டவர் கண்ணில்தான் அனிதாவின் சுவர் பட்டது. அனிதா டிப்ளமோ படித்துவிட்டு மூன்று வருடமாக பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிறவள். தலைமை அலுவலகத்து மேடம் வருகிறார், வாசல் சுவரில் ஒரு தண்டவாளப் படம் வரைந்து வை, நன்றாக வந்தால் டிராயிங் செக்ஷனுக்கு மாற்றச் சொல்கிறேன் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். உயிரைக் கொடுத்து வரைந்தாள். காலடியில் அகலமாகத் தொடங்கிய இரண்டு தண்டவாளமும் போகப் போக நெருங்கி, தூரத்து மலையடியில் ஒரு புள்ளியில் சேர்ந்தன. பார்த்தவர்களுக்கு அதன் மேல் நடந்து போகலாம் போலிருந்தது.

கமலக்கண்ணன் டேப்பை நீட்டினார். கீழே நாலடி, மேலே ஒன்றுமே இல்லை.

“இதுல ரயில் போனா கவுந்துரும்மா. ரிஜெக்ட்.”

தூரத்தில் அப்படித்தான் தெரியும் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறினால்தானே! இன்ஸ்பெக்ஷன் சொன்னதை மீற மேனேஜருக்கும் தைரியம் கிடையாது. அவர் சொல்கிறபடி மாற்றிவிடு என்று நழுவிக்கொண்டார். அனிதா, தான் வரைந்ததை போனில் படம் எடுத்துக்கொண்டு, வெள்ளையடித்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை நாலடி அகலத்தில் இரண்டு கோடு இழுத்து, குறுக்கே கட்டைகளையும் போட்டாள். பிறகு மிகவும் பணிவாக, பாஸ் ஆனதற்கு முத்திரை வேண்டும் என்று கேட்டாள். மனிதர் பூரித்துப்போய் மூலையில் ‘ஓகே’ முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டார்.

மேடம் வந்தார். சுவரைப் பார்த்தார்.

“ஏணி எதுக்கு வரைஞ்சிருக்கீங்க?”

மேனேஜர் அனிதாவைக் கை காட்டினார். அவள் முத்திரையைக் காட்டினாள், பிறகு போனைக் காட்டினாள். மேடம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பெண் டிராயிங் செக்ஷனில் உட்காரட்டும் என்றார். பழைய படமே சுவருக்குத் திரும்ப வேண்டும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து கமலக்கண்ணனுக்கு ‘ஏணி சார்’ என்று பெயர்.

ஆசாமி அப்போதாவது திருந்தினாரா? ஞாயிற்றுக்கிழமை ஓசூர் ஸ்டேஷனுக்கே டேப்போடு போய், போலீஸ்காரர் விரட்ட விரட்டத் தண்டவாளத்தை அளந்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை சிவப்பு அட்டையோடு அவள் புது மேஜைக்கு முன்னால் நின்றார்.

“அந்தக் கடைசி வரைக்கும் நடந்து போய் அளந்தன்மா. எல்லா எடத்துலயும் ஒரே அளவுதான்.”

அனிதா பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

“நீங்க நடந்தீங்க சார். பாக்கறவங்க நின்ன எடத்துலதான நிக்கறாங்க.”

அவருக்கு அது புரியவில்லை. மேஜையைப் பார்த்தார், ஜன்னல் வழியே வாசல் சுவரைப் பார்த்தார். சிவப்பு அட்டையை எதில் கட்டுவது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பிப் போட்டுக்கொண்டு போனார்.