வடம்வலியில் நான் ஊதிய விசில்

வண்டிப்பெரியாரில் எங்கள் எஸ்டேட்டின் சுதந்திர தினம் என்றால் கொடியேற்றம், பாயசம், பிறகு தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் இடையே வடம்வலி எனும் கயிறிழுப்பு. டிப்ளமோ படித்தவள் என்று அந்த ஆண்டு என்னை நடுவராக்கினார்கள். கயிறு, சுண்ணாம்புக் கோடு, விசில், மைக், முதலுதவிப் பெட்டி எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் சரிபார்த்தேன்.

கடைசி இழுப்பில், கீழ் லயத்துக்காக இழுத்த என் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தால் தோல்வி. பார்த்தேன், ஆனாலும் கீழ் லயம் வென்றதாக விசில் ஊதினேன்.

"ஏ புள்ள, ஒங்கண்ணன் உக்காந்தத நீ பாக்கலயா?" என்றார் மேல் லயத்து அந்தோணி அண்ணன்.

"தோத்தவனுக்கு வாயப் பாரு!" என்று என் அண்ணன் அவர் முகத்தில் குத்தினான். பல் உடைந்து, சட்டையில் குத்தியிருந்த காகிதக் கொடியில் ரத்தம் வழிந்தது. உடனே தோரணக் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு லயமும் மோதின. ஒருவர் மண்டை பிளந்தது. என் அண்ணனைக் கீழே தள்ளி நான்கு பேர் மிதித்தார்கள். அவன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

மைக்கை எடுத்தேன். "அண்ணன் உக்காந்தான். நான் பாத்தேன். பொய்யா ஊதிட்டேன்."

கம்புகள் தாழ்ந்தன. அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தவர் அந்தோணி அண்ணன்தான்.

"இத முன்னயே சொல்லிருந்தா எம் பல்லு மிஞ்சிருக்கும்ல புள்ள?"

முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் பட்டியல்படி இருந்தன. அவர் வாயைத் துடைத்துவிட்டேன். முகத்தைப் பார்க்க மட்டும் என்னால் முடியவில்லை, இன்றும் முடிவதில்லை.