வெறும் நூல் போட்ட கோடு

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். இது சௌந்திரத்துக்கு நடந்தது. 1986, ஏப்ரல் 17, வியாழக்கிழமை. பட்டப்பகல்.

சேலத்தில் ஒரு பார்மசி கல்லூரியில் எம்.பார்ம். ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் சௌந்திரம். நரம்பு நுனியில் சுரக்கும் நியூரோபெப்டைடு பட்டால், எலியின் புராஸ்டேட் சுரப்பியில் உள்ள மென்தசை சுருங்குமா என்பதுதான் கேள்வி. சுரப்பியில் ஒரு கீற்று வெட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலுக்குள் நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். நூலின் மேல்முனை ஒரு நெம்புகோலில் இருக்கும். தசை சுருங்கி நூலை இழுத்தால், நெம்புகோலின் முள் புகைக்கரி பூசிய தாள் சுற்றிய உருளையில் வெள்ளைக்கோடாக ஏறி இறங்கும்.

இதே மேசையில் இதே ஆராய்ச்சி செய்த சென்னியப்பனுக்கு ஏழு அழகான சுருக்கங்கள் கிடைத்திருந்தன. பட்டம் வாங்கிப் போன ஆறாம் மாதம், சொந்த ஊரான எருமப்பட்டியில் இறந்துபோனார். சௌந்திரத்துக்கோ பதினோரு எலி செத்தும் முள் அசையவில்லை. மாதக் கடைசிக்குள் பேராசிரியர் தண்டாயுதபாணியின் கையெழுத்து விழாவிட்டால் இரண்டு வருடப் படிப்பு பாழ்.

"அவனுக்கு வந்துச்சு, உனக்கு ஏன் வரல? வரட்டி தட்டுற கையில நூலு நிக்குமா?"

"மருந்து ஊத்துனாலும் சும்மாவே கெடக்குதுங்க சார்."

"தசை சும்மா கெடக்கல. நீதான் சும்மா கெடக்கற."

அன்று மதியம் 2.10. கருவியில்தான் கோளாறோ என்று பார்க்க, தசை கட்டாமல் வெறும் நூலைக் கரைசலில் விட்டாள். மருந்தும் ஊற்றவில்லை. உருளை சுற்றியது. கோடு நேராகப் போனது.

கரித்தாளில் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னல்கள் சாத்தியிருந்தன. விசிறி ஓடவில்லை. கரைசலில் இருந்த தெர்மாமீட்டர் 37 டிகிரி காட்டியது. கரைசல் இருந்த கண்ணாடிக் குழாயைத் தொட்டாள்... சில்லென்றிருந்தது.

2.40.

கிறீச்...

முள் ஏறியது.

குனிந்து பார்த்தாள். தளர்ந்து தொங்கிய நூல்... கம்பிபோல் விறைத்து நின்றது. கீழ்முனையில் எதுவுமில்லை.

தளர்ந்தது.

மறுபடி விறைத்தது.

கிறீச்...

மூன்று. நான்கு...

எண்ணிக்கொண்டே நின்றாள்.

ஏழு.

நின்றது.

2.52-க்குப் பேராசிரியர் உள்ளே வந்தார். உருளையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, வந்திருச்சே!"

"சார்... அதுல தசையே கட்டலீங்க. வெறும் நூலுங்க."

"படத்தப் பாக்கறவனுக்கு அது தெரியவா போகுது? கரி அழியாம வார்னிஷ் அடிச்சுக் காயவை."

காயவைத்தாள். கையெழுத்து விழுந்தது.

மே மாதம், மனசு கேட்காமல் எருமப்பட்டிக்குப் பஸ் ஏறினாள். சென்னியப்பனின் மனைவி வசந்தாமணி மோர் கொடுத்தாள். அந்த ஏழு சுருக்கத்தைப் பற்றிக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவருக்கு எங்கீங்க சுருங்குச்சு? வாத்தியாரு பேச்சுத் தாங்காம, நூல வெரல்ல சுத்தி இவரே ஏழு தடவ இழுத்துட்டாருங்க. அந்தப் பொய்யி அவர உடவேயில்ல. ஊட்டுக்கு வந்தும் வெரல்ல நூலச் சுத்தி இழுத்துட்டே கெடப்பாருங்க. சாவறப்ப அவுக்கப் பாத்தோம். சதைக்குள்ள போயிருச்சு... அப்படியே நூலோட அடக்கம் பண்ணிட்டமுங்க."

சௌந்திரம் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மிணி, உங்களுக்காவது நெசமாலுமே சுருங்குச்சுங்களா?"

"சுருங்குச்சுங்க" என்றாள் சௌந்திரம்.