விழுங்கிய சொல்

அந்த வகுப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. என் அண்ணனுக்குக் காது கேட்காது. பேசப் பழகிய காலத்திலிருந்தே அவரோடு கையாலும் பேசி வளர்ந்தவள் நான். சைகைமொழி பெயர்ப்பாளர் பயிற்சிக்கு மாத்தளையில் சேர்ந்தபோது, எனக்குத் தேவை சான்றிதழ் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பயிற்சி தந்த மிஸ் முதல் இரண்டு வாரமும் நடத்தையைப் பற்றியே பேசினார். கை அசைவு தெளிவாகத் தெரிய வேண்டும், அதனால் பூப்போட்ட சட்டை கூடாது. வளையல், நகப்பூச்சு கூடாது. எந்தப் பக்கத்தாரோடும் சேர்ந்து உட்காரக் கூடாது. சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

“எங்க அண்ணனுக்கு நான்தான் மிஸ் எல்லாம் சொல்றேன். இதெல்லாம் எனக்குத் தெரியும்,” என்றேன்.

“அண்ணனுக்கு எது நல்லதுன்னு நீங்களே பொறுக்கி எடுத்துச் சொல்றீங்க. அந்தப் பழக்கத்த மொதல்ல விடுங்க.”

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஆறாம் மாதம் என்னை முதன்முறையாக வெளியே கூட்டிப்போனார். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தண்ணீர்ப் பைப் தகராறு, மத்தியஸ்த சபைக்கு வந்திருந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் தண்ணீர் வரும் நேரம் சொல்ல முடியாது. வந்ததும் யாராவது கத்துவார்கள், எல்லாரும் வாளியோடு ஓடுவார்கள். முறைப்பாடு செய்த பெண்ணுக்குக் காது கேட்காது. முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவடியில் நின்று கையாட்டிக் கூப்பிடுவாளாம். ஏதோ மனஸ்தாபத்தில் அதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் வரிசையில் இருந்த இவளுடைய வாளியையும் உதைத்துத் தள்ளியிருக்கிறாள்.

விசாரணை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நான் முன்னதாகவே போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்காரி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“நீ எங்க மதினி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் புள்ளதானே? வா, வந்து உக்காரு.”

பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதி குடித்திருந்தபோது முறைப்பாட்டுக்காரி உள்ளே வந்தாள். என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். வணக்கம் என்று சைகை காட்டினேன். அவள் பதிலுக்குக் கையை அசைக்கவே இல்லை.

விசாரணை தொடங்கியது. மிஸ் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வாளிக் கதை வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி எழுந்துவிட்டாள்.

“தண்ணி வந்துருச்சின்னு லயமே கத்துது. இந்த ஊமச்சிக்கு நான் தெனமும் வெத்தல பாக்கு வச்சா அழைக்கணும்? புருசங்காரனே இவள சகிக்காமத்தான் ஓடுனான்!”

என் கைகள் அப்படியே நின்றன. பிறகு, ‘அவங்க கோபமா இருக்காங்க. தினமும் கூப்பிட முடியாதாம்,’ என்று மட்டும் காட்டினேன்.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் எதிரில் இருந்தவளின் உதட்டில் இருந்தது. ஊமச்சி என்ற சொல் வாயில் எப்படி விரியும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மேசையில் ஓங்கி அடித்து என் பக்கம் திரும்பினாள்.

‘அவள் ஊமச்சி என்றாள். நீ அதை விழுங்கினாய். என் புருசனைப் பற்றியும் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? அவள் தேத்தண்ணி குடித்தாயே, அதற்காகவா மறைக்கிறாய்?’

நான் திரும்பி மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. சபைத் தலைவர், “அவங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்டார். வேறு வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னதில் பாதியை நான் விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஊமச்சி, வெற்றிலை பாக்கு, ஓடிப்போன புருசன், எல்லாவற்றையும் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே காட்டினேன்.

அவள் பதில் சொன்னாள். மொழிபெயர்ப்பவர் யாருக்காகப் பேசுகிறாரோ அவராகவே ‘நான்’ என்றுதான் பேச வேண்டும். ஆகவே என் வாயிலிருந்து இப்படி வந்தது: “என் புருசன் ஓடுனதுக்குக் காரணம் நீ. என்னயப் பத்தி அவருகிட்ட பொய் சொன்னது நீ. வாயிருந்தும் நீ பேசுறது எல்லாம் அழுக்கு.”

பக்கத்து வீட்டுக்காரி அவளை விட்டுவிட்டு என் மேல் பாய்ந்தாள். “ஏய், என் டீயக் குடிச்சிட்டு என்னயவே அழுக்குங்கிறியா? ஒங்கம்மாகிட்ட வந்து கேக்குறேன் இரு!”

தலைவர் எல்லாரையும் அடக்கி உட்காரவைக்கப் பெரும்பாடு பட்டார். மிச்ச விசாரணைக்கு மிஸ்ஸே எழுந்து வந்து மொழிபெயர்த்தார். தண்ணீர் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி கதவடியில் வந்து கூப்பிட வேண்டும், முதல் வாளி அந்தப் பெண்ணுக்கு என்று முடிவானது. இருவரும் கையெழுத்து வைத்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே.

வெளியே வந்ததும் மிஸ்ஸிடம், “அவங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் விட்டேன்,” என்றேன்.

“நோகணுமா வேணாமான்னு முடிவு பண்ண நீங்க யாரு? அவங்களுக்குத் திருப்பித் திட்டுற உரிமை இருக்கு. அதையும் சேத்துத்தானே பறிச்சீங்க?”

எனக்கும் பொறுக்கவில்லை. “முன்னாடியே எழுந்து வந்திருக்கலாமே மிஸ். வேடிக்கதானே பாத்தீங்க?”

“ஆமா. பாத்தது என்னோட தப்புதான். அதுக்காக ஒங்க தப்பு கொறஞ்சிராது,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தப் பெண் என் மேல் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தாள். மூன்று மாதம் எந்த இடத்துக்கும் என்னை அனுப்பவில்லை. வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக் குறிப்பெழுதினேன். பக்கத்து வீட்டுக்காரி சொன்னபடியே அம்மாவிடம் வந்து சத்தம் போட்டாள். அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. விசாரணையில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதால் அவருக்கு நான் விளக்கமும் சொல்லவில்லை.

ஒரு மாலை அண்ணனிடம் மட்டும் கேட்டேன்: ‘நான் உனக்கு எதையாவது சொல்லாமல் விட்டிருக்கிறேனா?’

அண்ணன் சிரிக்கவில்லை. ‘அப்பாவின் செத்த வீட்டில் சித்தப்பா என்னைப் பற்றி என்ன சொன்னார்?’ என்று கேட்டார்.

அன்று, ‘உன்னை நினைத்து வருந்துகிறார்’ என்று மட்டும்தான் காட்டியிருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்குப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல். அண்ணன் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு சித்தப்பா வீட்டுக்கு அவர் போவதில்லை. என்னோடும் வெகுநாள் சரியாகப் பேசவில்லை.